காலி அறைக்குள் எட்டுப் பேர்

அத்தியாயம் 5

லாக்கப்பிலிருந்து நாலாவது அலறல் வந்ததும் லாண்டரி அக்கா எழுந்து நின்றுவிட்டாள். உள்ளே அடி வாங்குவது அவள் புருஷன். ரேடியோ என்பவள் அவள் தோளைப் பிடித்து மறுபடியும் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"அண்ணே, உள்ள அடிக்கிறது லத்தியா, கையா?" என்று ரேடியோ பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"கைதான். லத்தின்னா அலறலுக்கு முன்னாடியே ஒரு விசில் கேக்கும்," என்றார் பாக்ஸர்.

அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? பன்னிரண்டு வருஷம் குத்துச்சண்டை மேடையில் நின்றவர். வலது கை மூன்று இடத்தில் உடைந்த பிறகு டயர் கடை மாடியில் ஒரு மேஜையைப் போட்டுத் துப்பறிய ஆரம்பித்தார். கேஸ் வந்ததோ இல்லையோ, உதவிக்கு ரேடியோ வந்து சேர்ந்தாள். அவளுக்கு அப்பா அம்மா வைத்த பேர் என்னவோ ஒன்று. ஒரு தரம் வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பதால் ஊர் வைத்த பேர் இது. முப்பது வயது வரை அந்த வாயால் மூன்று வேலைகளை இழந்தவள், நாலாவதை மட்டும் எப்படியோ தக்கவைத்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் துண்டில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். மணி இரண்டரை.

"அஞ்சு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுடுவான். விரல் இன்னும் ஆறு மிச்சம் இருக்கு."

லாண்டரி அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். இந்த மனுஷனை இங்கேயே நாலு கேள்வி கேட்டால் என்ன என்று ரேடியோவுக்கு நாக்கு துறுதுறுத்தது. பாக்ஸர் அவள் காலை மிதித்தார்.

"என் கட்சிக்காரம்மாவுக்காக ஒரு தடவை கேஸைச் சொல்லுங்க சார்," என்றார்.

"என்ன சொல்றது? செத்தவன் இந்தம்மாவோட தம்பி. போட்டிக் கமிட்டில கணக்கெடுக்கிற ஆளு. பதினாறு நாள் உலகப் போட்டி நடந்ததே, அதனால ஊருக்கு எவ்வளவு வரும்படின்னு லாட்ஜ் லாட்ஜா ஏறித் தலை எண்ணினவன். போட்டி முடிஞ்ச மறுநாள் காலைல இவங்க லாண்டரி தள்ளுவண்டில, அழுக்கு பெட்ஷீட்டுக்கு அடியில பொணமா கிடந்தான். தலையில பைப் அடி. ஆனா அந்த அடியில சாகல. துணிக்கு அடியில மூச்சு முட்டித்தான் போயிருக்கான். வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தது இந்தம்மா வீட்டுக்காரன். நாலு கடைக்காரங்க பார்த்திருக்காங்க."

"மூணு மாடி லாட்ஜ்ல அப்படியே கட்டிக் கொடுத்த வண்டின்னு அவர் சொல்றாரே."

"அந்த லாட்ஜ் பதினாறு நாளும் காலிய்யா. காலி லாட்ஜ்ல அழுக்குத் துணி எங்கேருந்து வரும்? பெட்ஷீட்ல அவங்க பச்சை நூல் குறி இருக்கு, சரி. அதெல்லாம் போட்டிக்கு முன்னாடியே போட்ட துணி, இவன்தான் துவைக்காம வச்சிருந்தான்னு லாட்ஜ் முதலாளி சொல்றார். அவர் மட்டும் சொன்னா நானும் நம்பமாட்டேன். இதைப் பாரு." இன்ஸ்பெக்டர் ஒரு படிவத்தை நீட்டினார். இருபத்துநாலு அறை. இருபத்துநாலுக்கும் நேராக 'காலி'. "கீழ கையெழுத்து யாரு? செத்தவனே. அவனே சாட்சி சொல்லிட்டுப் போயிருக்கான்."

அக்கா தம்பியின் கையெழுத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவனுடையதுதான்.

கொலைக்குக் காரணமும் போலீஸ் கையில் தயாராக இருந்தது. மூன்று லட்சம் பேர் வெளியூரிலிருந்து குவியப் போகிறார்கள் என்று தம்பி சொன்னதை நம்பித்தான் லாண்டரிக்காரர் கடன் வாங்கி இரண்டு பெரிய மெஷின் இறக்கியிருந்தார். வந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. "உன்னைத் துவைச்சுத் தொங்க விடுறேன் பாரு" என்று அவர் மச்சினனைத் தெருவில் வைத்துக் கத்தியது அந்த வட்டாரத்துக்கே தெரியும்.

"லாட்ஜ் காலியா இருந்தா முதலாளிக்கு என்ன?" என்று வெளியே வந்ததும் பாக்ஸர் கேட்டார்.

"அதான் அண்ணே வேடிக்கை," என்றாள் ரேடியோ. "போட்டிக்கு ரூம் பத்தாதுன்னு கமிட்டிக்காரங்க லாட்ஜ்காரங்களைக் கெஞ்சி மாடிமேல மாடி கட்ட வச்சாங்க. ஆள் வரலேன்னா காலி ரூமுக்குப் பாதி வாடகை நாங்க தர்றோம்னு எழுதியும் கொடுத்தாங்க. நிரம்பினாலும் காசு, காலியானாலும் காசு. இப்படி ஒரு மாப்பிள்ளை மரியாதை எந்தக் கல்யாணத்துலயும் நான் பார்த்ததில்ல."

பாக்ஸர் லாண்டரி அக்காவிடம் திரும்பினார். "உங்க தம்பி எப்படி எண்ணுவார்? படிவத்தைக் கையில வச்சுக்கிட்டேவா?"

"இல்லீங்க. அவனுக்கு சாக்பீஸ் வேணும். மாடி மாடியா ஏறி முதல்ல கதவுல எழுதுவான். ஆள் இல்லேன்னா பெருக்கல் குறி. இருந்தா எத்தனை தலையோ அந்த நம்பர். அப்புறம் கீழ உக்காந்து படிவம் எழுதுவான். கதவுல போடலேன்னா அவனுக்குக் கணக்கே வராது. எங்க வீட்டுக் கதவுல கூட நாலுன்னு போட்டு வச்சிருக்கான்." அவள் ஸ்டேஷன் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "அவரைக் கொன்னுடுவாங்களா?"

"அஞ்சு மணி வரைக்கும் மாட்டாங்க," என்றார் பாக்ஸர். அவருக்கு ஆறுதல் சொல்ல வராது.

போட்டி முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, தெருவுக்கு அதற்குள் வயதாகிவிட்டது. விற்காத பனியன்களும் கொடிகளும் நடைபாதையில் கிலோ விலைக்குக் குவிந்திருந்தன. ஸ்டேடியத்துக்கு வழிவிட இடித்த கடைகளின் இடத்தில் கம்பிவேலி நின்றது. மூடிய ஓட்டல்களின் வாசலில் கட்டில்கள் அடுக்கியிருந்தன. ஒரு கடையில் நாற்பது தொலைக்காட்சிப் பெட்டிகளும் ஒரே ஒரு விற்பனையாளரும் இருந்தார்கள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"கட்டில்," என்று ரேடியோ நின்றாள். "அண்ணே, இன்னிக்கு நீங்க பழைய கட்டில் வாங்குற வியாபாரி. முகத்தை இப்படியே வச்சுக்குங்க, பேரம் படியும்."

மூன்று மாடி லாட்ஜின் வரவேற்பில் மேனேஜர் உட்கார்ந்திருந்தான். முதலாளியின் மச்சினன். கழுத்தும் தோளும் ஒரே அகலம். இருபத்துநாலு கட்டிலையும் மொத்தமாக எடுப்பதாக ரேடியோ சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது. போட்டி நடந்த பதினாறு நாளும் ஈ கூட வரவில்லை, மெத்தையெல்லாம் புதுசு போலவே இருக்கிறது என்று புலம்பியபடி படியேறினான்.

முதல் மாடியில் மெத்தைகள் புதுசு போலத்தான் இருந்தன. இரண்டாம் மாடியில் கால் வைத்ததும் பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. எட்டுக் கதவுகளும் பளபளவென்று அரக்கு நிறத்தில் நின்றன. பூட்டுக்கும் கைப்பிடிக்கும் மேலேகூட பெயின்ட் அப்பியிருந்தது. தரையில் சொட்டுச் சொட்டாகக் கறை.

"முதல் மாடிக்கு இல்லாத மேக்கப் இதுக்கு மட்டும் எதுக்கு?" என்றாள் ரேடியோ. "அதுவும் கல்யாணம் முடிஞ்சப்புறம்."

"முதலாளிக்குத் திடீர்னு ஆசை வந்துச்சு. அவரே அடிச்சாரு."

"தெரியுது. கைப்பிடிக்கும் சேர்த்து அடிச்சிருக்காரே. பெயின்டர் பார்த்தா அழுதுடுவான்."

பாக்ஸர் முதல் கதவின் முன் குனிந்தார். நெஞ்சு உயரத்தில் பெயின்ட் கொப்பளித்திருந்தது. மற்ற இடமெல்லாம் மரத்தோடு ஒட்டியிருக்க, அங்கே மட்டும் தோல் போல உப்பியிருந்தது. அவர் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினார். பெயின்ட் பட்டையாகக் கையோடு வந்தது. பட்டையின் பின்பக்கம் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது.

"கதவைத் துடைக்காம பெயின்ட் அடிச்சா இதுதான் தொல்லை," என்றார். "சாக்பீஸ் மேல பெயின்ட் பிடிக்காது. அடியில என்ன எழுதியிருக்கோ, அந்த வடிவத்துலயே உப்பிக்கிட்டு வந்துடும்."

உரித்த இடத்தில் ஒரு எட்டு தெரிந்தது.

ரேடியோ அடுத்த கதவுக்கு ஓடினாள். அங்கேயும் கொப்பளம். ஒன்பது. அதற்கடுத்தது எட்டு. மூன்று கட்டில் போட இடமில்லாத அறைக்குள் எட்டுப் பேர். ஈ கூட வராத லாட்ஜில்.

"அண்ணே," என்று திரும்பினாள். அந்த வார்த்தைதான் அவள் அன்றைக்கு முழுப் பல்லோடு சொன்ன கடைசி வார்த்தை.

மேனேஜரின் கை அவள் வாயில் இறங்கியது. தலை சுவரில் மோதித் திரும்பி வந்தது. முன்பல் ஒன்று நாக்கின் மேல் கிடந்தது. அதைத் துப்பிப் பார்ப்பதற்குள் பாக்ஸர் அவளைத் தாண்டிப் போயிருந்தார்.

அவர் இடது கையால் இரண்டு முறை குத்தினார். முதல் குத்து மேனேஜரின் விலாவில் விழுந்தது. உள்ளே ஏதோ முறிகிற சத்தம் ரேடியோவுக்குக் கேட்டது. இரண்டாவது மூக்கில். மேனேஜர் விழவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டக் கொட்ட பாக்ஸரைக் கட்டிப் பிடித்து மாடிப்படிக் கம்பியில் முதுகு வளைய அழுத்தினான். பாக்ஸரின் உடைந்த வலது கையைத் தேடிப் பிடித்து முறுக்கினான். அவர் கத்தியதை ரேடியோ அதுவரை ஒருநாளும் கேட்டதில்லை.

சத்தம் கேட்டு முதலாளி மேலே வந்தார். ஒல்லியான மனிதர். ஒரு கையில் தண்ணீர்க் குழாய்த் துண்டு, இன்னொரு கையில் பெயின்ட் கரைக்கிற தின்னர் டப்பா. ஆள்களைப் பார்க்கவேயில்லை. நேராகக் கதவுக்குப் போய்த் தின்னரை அதன்மேல் வீசினார். சட்டைப்பையில் லைட்டரைத் தேடினார்.

கதவு எரிந்தால் எல்லாம் போச்சு. அது ஒன்றுதான் ரேடியோவின் தலைக்குள் ஓடியது. அவள் கதவுக்கும் அவருக்கும் நடுவே போய் நின்றாள்.

"நகரு."

"முதலாளி, முதல்ல கட்டிலுக்கு விலை சொல்லுங்க," என்றாள் ரத்தம் வழிந்த வாயோடு.

குழாய் அவள் முன்கையில் விழுந்தது. எலும்பு உடைந்தது வலிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. கை தனக்குச் சொந்தமில்லாதது போலத் தொங்கியது. அவர் மறுபடி ஓங்கினார். ரேடியோ மிச்சமிருந்த கையால் அவர் பிடித்திருந்த தின்னர் டப்பாவின் அடியைத் தட்டினாள். பாதி டப்பா அவர் கண்ணில் போயிற்று. குழாய் கீழே விழுந்தது. முதலாளி முகத்தைப் பிறாண்டிக்கொண்டு தரையில் உருண்டார்.

குழாய் உருண்டு போய் மேனேஜரின் காலில் இடித்தது. அவன் ஒரு கணம் கீழே பார்த்தான். பாக்ஸருக்கு அது போதும். நெற்றியால் அவன் உடைந்த மூக்கில் முட்டினார். பிடி தளர்ந்ததும் இடது கையைத் தாடைக்கு அடியிலிருந்து ஏற்றினார். மேனேஜர் நாலு படி பின்னால் போய், அப்புறம் மீதிப் படிகளையும் ஒன்றுவிடாமல் எண்ணிக்கொண்டு கீழே போனான்.

பாக்ஸர் குழாயை எடுத்துக்கொண்டு முதலாளியின் பக்கத்தில் உட்கார்ந்தார். குழாயின் முனையை அவர் முழங்காலின் மேல் வைத்து, மெதுவாகப் பாரத்தை ஏற்றினார்.

"ஸ்டேடியம் கட்டின கூலிக்காரங்க," என்று முதலாளி கதறினார். "வெளிநாட்டுக்காரங்க கண்ணுல படக்கூடாதுன்னு கான்ட்ராக்டர் கொண்டுவந்து அடைச்சான். வெளிய பூட்டுப் போட்டு. தலைக்கு வாடகை கொடுத்தான். கமிட்டியும் காலின்னு கொடுக்கும். முதல் நாளே அந்தப் பையனுக்குக் கவர் கொடுத்துப் பதினாறு நாளைக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிட்டேன்யா. வாங்கினவன் சும்மா இருக்க வேண்டாமா? போட்டி முடிஞ்ச மறுநாள் காலைல, ஆளுங்களை பஸ்ல ஏத்தப் போற நேரத்துல வந்து நிக்கறான். கதவு கதவா நம்பர் எழுதறான். கவரையும் திருப்பிக் கொடுக்கறான்."

"அடிச்சே."

"ஒரே அடிதான். பின்வாசல்ல லாண்டரி வண்டி நின்னுச்சு."

"காலி லாட்ஜ்ல அழுக்குத் துணி ஏதுன்னு போலீஸ் வண்டிக்காரரைத்தான் பிடிக்கும்னு அப்பவே தோணிடுச்சாக்கும்," என்றாள் ரேடியோ. மூளை நல்ல மூளைதான். பெயின்ட் அடிக்க மட்டும் ஒரு ஆளை வைத்திருக்கலாம்.

இரண்டு பேரையும் பாக்ஸர் ஓர் அறைக்குள் இழுத்துப் போட்டு, கூலிக்காரர்களைப் பூட்டிய அதே பூட்டால் வெளியிலிருந்து பூட்டினார். பிறகு எட்டு எழுதிய கதவின் கீல்களைக் குழாயாலேயே அடித்துப் பெயர்த்தார். மணி நாலு இருபது.

"போட்டோ எடுத்தா போதாதா அண்ணே?"

"போட்டோவை இன்ஸ்பெக்டர் நம்பமாட்டார். அவரே உரிக்கட்டும்."

கதவின் ஒரு தலையை அவரும் இன்னொரு தலையை ஒற்றைக் கையால் அவளும் பிடித்துக் கீழே இறக்கினார்கள். சரக்கு ஆட்டோக்காரன் இருவரின் முகத்தையும் பார்த்தான். வாடகை பேசாமல் ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் ரேடியோவுக்குக் கை விண்விண்ணென்று தெறித்தது. அதைவிட இன்னொன்று அதிகமாகத் தெறித்தது. தம்பி காசு வாங்கிப் பொய்க் கையெழுத்துப் போட்டான் என்று அந்த அக்காவிடம் யார் சொல்வது? தம்பியையும் இழந்து, புருஷனின் அலறலையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளிடம் இதையும் கொண்டுபோய் இறக்க வேண்டுமா? சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தாள். பாக்ஸரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கதவு ஸ்டேஷன் மேஜைமேல் ஏறியது.

"என்னய்யா இது, வீடு மாத்துறீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"உரிங்க சார்," என்றார் பாக்ஸர். "எட்டு எழுதின இடத்தை நான் உரிச்சிருக்கேன். சுத்தி இன்னும் உப்பியிருக்கு பாருங்க. அதை நீங்க உரிங்க."

இன்ஸ்பெக்டர் பேனாக் கத்தியை எடுத்தார். எட்டுக்குக் கீழே ஒரு பட்டை வந்தது. அதில் தேதி. போட்டி முடிந்த மறுநாள். இறந்த நாள். அதைப் படித்ததும் அவர் முகத்தில் இருந்த கேலி போயிற்று. கத்தியை எட்டின் ஓரத்தில் கொடுத்து இன்னொரு பட்டையை இழுத்தார்.

எட்டின் அடியிலிருந்து, இரண்டு பக்கமும் கால் நீட்டிக்கொண்டு, மங்கலாக ஒரு பெருக்கல் குறி வெளியே வந்தது.

ரேடியோ சொல்ல வந்ததை விழுங்கினாள். கதவே சொல்லிவிட்டது. முதல் நாள் போட்ட காலி. அதன்மேல் சாகிற அன்று போட்ட எட்டு.

லாண்டரி அக்கா மேஜைக்குக் கிட்டே வந்தாள். எட்டின்மேல் விரலை வைத்தாள். மேல் சுழியையும் கீழ் சுழியையும் தனித்தனியாகத் தடவினாள்.

"அவன் எட்டுதான். ஒரே இழுப்புல போட வராது அவனுக்கு. ஸ்கூல்ல இதுக்கே அடி வாங்குவான்." விரல் பெருக்கல் குறிக்கு நகர்ந்தது. "இதுவும் அவன்தானா?"

"ஆமாம்மா," என்றார் பாக்ஸர்.

"காசு வாங்கினானா?"

"வாங்கினான். திருப்பிக் கொடுத்துட்டு இந்த நம்பரை எழுதினான். அதனாலதான் அடிச்சாங்க."

அவள் தலையை ஆட்டினாள். "இதை எழுதலேன்னா உயிரோட இருந்திருப்பான்," என்றாள். பிறகு, "எழுதி வச்சதாலதான் இவர் தப்பிச்சார்," என்று லாக்கப்பைப் பார்த்தாள். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் ஜீப்பை லாட்ஜுக்கு அனுப்பினார். தட்டச்சு செய்து வைத்திருந்த வாக்குமூலத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

லாண்டரிக்காரரை இரண்டு போலீஸ்காரர்கள் தாங்கிக் கொண்டுவந்தார்கள். ஒரு கண் மூடியிருந்தது. இடது கையின் விரல்கள் ஆளுக்கொரு திசையில் இருந்தன. அக்கா அவரை வாங்கிப் பெஞ்சில் உட்கார வைத்தாள். உடையாத கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாம் தெரிஞ்சுபோச்சுங்க. லாட்ஜ்காரன்தான். நீங்க ஒண்ணும் பண்ணலேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. வீட்டுக்குப் போலாம்."

அவர் எழுந்திருக்கவில்லை.

"இவ்வளவு அடிச்சும் அவங்ககிட்ட சொல்லல," என்றார். "உன்கிட்டயாவது சொல்லணும். வர்ற வழியில வண்டி முனகுச்சு. சக்கரம்தான் முனகுதுன்னு நினைச்சேன். பாலத்துக்கிட்ட நிறுத்தி எண்ணெய் விட்டேன்."

அக்கா அவர் முகத்தருகே குனிந்தாள்.

"விட்டப்புறம்?"

"அப்பவும் முனகுச்சு. பாரம் சரியில்லை போலன்னு துணியை நல்லா அமுக்கிவிட்டேன். அதுக்கப்புறம் சத்தம் இல்லை."